சொல் ஒன்று, மாற்றம் இரண்டு

கல்லூரி அன்னையின் விழா மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை வழங்குவதாயின், அது சங்க இலக்கியத்தைப் பற்றியோ சைவத் திருமுறைகளைப் பற்றியோ அமையும் என வாசகர் எதிர்பார்ப்பது இயல்பே. நாமோ இம்முறை விஞ்ஞான பாடத்தின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டுள்ளோம். சடப்பொருள்களில் நிகழும் மாற்றங்களைப் பௌதிக மாற்றம் என்றும் இரசாயன மாற்றம் என்றும் பகுத்தறிவதே அப்பகுதியாகும். வேலி தாண்டி அயல் வளவினுள் நுழைந்துவிட்டார் என்று விஞ்ஞான ஆசிரிய நண்பர்கள் எம்மைக் கடிந்துகொள்ளாதிருப்பாராக. இப்பகுதியிலே மாணவர் இடறுவது பெரும்பாலும் சொல்லினால் என்பதும், சொல்லால் விளையும் இடர்ப்பாட்டுக்குத் தமிழாசிரியரும் பொறுப்பாளர் என்பதுமே எமது கருத்து.

சென்ற ஆண்டில் ஒருநாள், விஞ்ஞான ஆசிரியர் விடுப்பில் இருந்தமையால், இடைநிலை வகுப்பொன்றைப் பார்த்துக்கொள்ளும் கடமை எம்மைச் சேர்ந்தது. மாணவர் தத்தம் கொப்பிகளைத் திறந்துவைத்து முந்திய பாடத்தை மீட்டுக்கொண்டிருந்தனர். தாளின் நடுவே ஒரு கோடு. அதன் இடப்புறம் பௌதிக மாற்றங்கள், வலப்புறம் இரசாயன மாற்றங்கள். பனிக்கட்டி உருகுதல், உப்பளத்தில் உப்பு விளைதல் என்பன இடப்புறம் இருந்தன. இரும்பு துருப்பிடித்தல், விறகு எரிதல் என்பன வலப்புறம் இருந்தன. ஒரு மாணவன் மாத்திரம், சொல்லிக்கொடுத்தவற்றோடு அமையாது, 'கேத்திலின் அடியில் வெள்ளைப் படை படிதல்' என்று தானாகவே இடப்புறத்தில் ஒன்றை எழுதிச் சேர்த்திருந்தான். அதன்மேற் பிழை அடையாளம் இடப்பட்டிருந்தது. அவன் எழுந்து எம்மை வினவினான்: "சேர், ரெண்டிலையும் தண்ணிதானே போகுது? ரெண்டிலையும் வெள்ளைதானே மிஞ்சுது? அப்ப ஒண்டு சரி, மற்றது ஏன் பிழை?"

எமக்கு விடை தெரியவில்லை. ஆசிரிய கலாசாலையிற் பெற்ற பயிற்சிச் சான்றிதழ் அவ்வேளையிற் கைகொடுக்கவில்லை. "பிறகு பார்ப்போம்" என்று கூறி அவனை இருத்திவிட்டோம். வினாவோடு எழுந்த ஒருவனை விடையின்றி இருத்திய அச்செயல் அன்றிரவு முழுவதும் எம் மனத்தை உறுத்தியது. அவன் காட்டிய ஒப்புமையில் மேலோட்டமான குறை எதுவும் இல்லை. பிழை அடையாளமோ அவனுக்கு யாதொரு காரணத்தையும் கூறவில்லை.

அடுத்த வாரம் விஞ்ஞான ஆசிரியரிடம் இதனை எடுத்துரைத்தோம். அவர் நகைத்துவிட்டு, "வாருங்கள், அவனையே செய்து பார்க்கச் சொல்வோம்" என்றார். இரண்டு கண்ணாடிக் குவளைகள் வைக்கப்பட்டன. ஒன்றிலே கறியுப்புச் சிறிது. மற்றதிலே கேத்திலின் அடியிலிருந்து சுரண்டியெடுத்த வெண்படைத் தூள் சிறிது. இரண்டிலும் மழைநீரை ஊற்றிக் கலக்கியபோது, உப்பு மறைந்தது. படைத்தூள் அடியிலே கிடந்தது. பின்னர் வேறிரண்டு குவளைகளில் அவற்றையே இட்டு, வினாகிரி விட்டோம். படைத்தூள் நுரைத்துக் குமிழியிட்டது. உப்பிலோ ஒரு குமிழிதானும் எழவில்லை. நிறத்தால் ஒன்றாயிருந்த இரண்டும் குணத்தால் வேறு என்பதை மாணவன் தன் கண்ணாற் கண்டான்.

இதன் உண்மை யாது? கடல்நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. ஆனையிறவிலே வெயிலும் காற்றும் நீரைக் கொண்டுசெல்ல, அந்நீரில் முன்னரே இருந்த உப்பு பளிங்காகத் திரண்டு பாத்தியில் எஞ்சுகின்றது. அங்கே புதுப்பொருள் எதுவும் பிறக்கவில்லை. நீர் விலக உப்பு வெளிப்பட்டது, அவ்வளவே. ஆகவே அது பௌதிக மாற்றம். கேத்திலில் நிகழ்வது வேறு. எமது குடாநாடு சுண்ணக்கற்பாறையின்மீது அமைந்தது. மழைநீர் வளியிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கவர்ந்து, மெல்லிய அமிலத் தன்மையுற்று அப்பாறையைத் தாக்குகின்றது. அவ்வழிக் கல்லானது கல்சியம் இருகாபனேற்று என்னும் வேறொரு பொருளாகி நீரோடு கலந்து கிணற்றை அடைகின்றது. அந்நீரை நாம் கொதிக்கவைக்கும்போது, காபனீரொட்சைட்டு வெளியேற, கல்சியம் காபனேற்று புதிதாகத் தோன்றிப் படிகின்றது. இதற்கு நீர் வற்றவேண்டும் என்பதும் இல்லை. கேத்தில் நிறைந்திருக்கும்போதே படை படியும். ஆகவே இஃது இரசாயன மாற்றம். மாணவன் கண்ட காட்சி மெய். அவன் கொண்ட முடிவே தவறு.

இந்நிகழ்ச்சியின் பின்னர் நாம் பல மாணவரின் கொப்பிகளை வாங்கிப் பார்த்தோம். இரசாயன மாற்றத்தை அறிதற்குரிய அடையாளங்கள் என்று ஒரு வரிசை அவற்றிற் காணப்பட்டது. நிறம் மாறுதல், வெப்பம் தோன்றுதல், வாயு வெளிவருதல், பழைய நிலைக்கு மீளாமை என்பன அவை. இவை துப்புக்களேயன்றித் தீர்ப்புக்கள் அல்ல என்பது எந்தக் கொப்பியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. நனைந்த மணல் கருமை கொள்கின்றது. ஆயினும் மணல் மணலே. உலையிற் செந்நிறம் பெற்ற இரும்பு ஆறியபின் இரும்பே. சோடாப் போத்தலைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்குகின்றன. உள்ளே அமுக்கத்தின் கீழ்க் கரைந்திருந்த வாயு வெளிப்படுவதே அங்கு நாம் காண்பது. துருவிய தேங்காயை மீண்டும் முழுப் பாதியாக்க எவராலும் இயலாது. எனினும் துருவுதல் பௌதிக மாற்றமே. மீளாமை என்னும் அடையாளமே மாணவரைப் பெரிதும் ஏமாற்றுவது.

அவ்வடையாளத்தின் பொய்ம்மையைக் காட்டவல்லது எமது ஊர்ச் சுண்ணாம்பு. 100 கிராம் தூய சுண்ணக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலே சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். மற்றைய 44 கிராமும் காபனீரொட்சைட்டாகி வளியிற் கலந்துவிடும். சுட்ட சுண்ணாம்பின்மீது நீர் தெளித்தால், அது கொதித்துப் பொருமி நீறாகும். அந்நீற்றை மணலோடு குழைத்துச் சாந்தாக்கிச் சுவரிற் பூசினால், நாட்செல்ல அது வளியிலுள்ள காபனீரொட்சைட்டை உட்கொண்டு மீண்டும் கல்சியம் காபனேற்றாகவே இறுகும். சூளையிற் கல்லாய்ப் புகுந்தது சுவரிற் கல்லாய் மீண்டது. இடைப்பட்ட மூன்று படிகளும் இரசாயன மாற்றங்களே. மீள்வதெல்லாம் பௌதிகம் என்று மனனஞ் செய்த மாணவனுக்கு இச்சுவர் என்ன விடை கூறும்?

சுண்ணக்கல் சூடேறும்போது நிறை குறைவது ஏன் என்பதைத் தராசு கொண்டு ஆராய்ந்தவர் ஸ்கொத்லாந்து தேசத்து யோசேப்பு பிளாக் என்னும் அறிஞர். அவர் தம் ஆராய்ச்சியை 1756ஆம் ஆண்டில் வெளியிட்டார். கல்லினுள்ளே கட்டுண்டிருந்த ஒரு வாயு வெளியேறுவதே அதற்குக் காரணம் என்று அவர் நிறுவினார். அவர் நிறத்தைப் பார்த்து அமையவில்லை, நிறுத்துப் பார்த்தார். 'பொருள் அதுவேயா, அன்றி வேறா?' என்னும் வினாவை அவர் தராசினிடம் கேட்டார். மாணவர் மனத்திற் பதியவேண்டியதும் அவ்வொரு வினாவே. பொருளின் வடிவோ நிலையோ மாத்திரம் மாறிப் பொருள் அதுவாகவே இருப்பின் பௌதிக மாற்றம். பழைய பொருள் ஒழிந்து புதுக்குணமுடைய பொருள் தோன்றின் இரசாயன மாற்றம். ஏனைய அடையாளங்கள் யாவும் இவ்வினாவின் விடையைத் தேடும் வழிகள் மட்டுமே.

சில நிகழ்ச்சிகளில் இரண்டு மாற்றங்களும் ஒருங்கே நிகழ்வதும் உண்டு. நாம் மாணவராயிருந்த 1990களில், மின்சாரம் அற்றுப்போன யாழ்ப்பாணத்திலே, மண்ணெண்ணெய் அருமருந்தாய் விற்ற காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்து படித்தோம். போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு, அதில் ஊறிய எண்ணெய், ஒரு திரி. எண்ணெய் குறையாதிருத்தற் பொருட்டு, படித்து முடிந்ததும் திரியை அணைத்துப் போத்தலை இறுக மூடிவைப்பார் எம் அன்னையார். மூடாத போத்தலில் எண்ணெய் ஆவியாகிக் குறைவது பௌதிக மாற்றம். திரியின் நுனியிலும் எண்ணெய் முதலில் ஆவியாகவே செய்கின்றது. அந்த ஆவி ஒட்சிசனோடு சேர்ந்து எரிந்து காபனீரொட்சைட்டும் நீராவியும் ஆவது இரசாயன மாற்றம். இரண்டாலும் எண்ணெய் குறைந்தது. ஆயின் ஒன்று ஒளி தந்தது, மற்றது வீண்போனது. மைக்கேல் பரடே என்னும் பேரறிஞர் 1860ஆம் ஆண்டின் முடிவிலே இலண்டன் மாநகரில் இளைஞர்களுக்கு ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டே இரசாயனத்தை விரித்துரைத்த வரலாறு உலகறிந்தது. எம்மிடம் மெழுகுவர்த்திக்கும் வழியில்லாதிருந்தது. எனினும் அவர் கூறிய உண்மை அனைத்தும் அந்த ஜாம் போத்தலினுள்ளே எரிந்துகொண்டிருந்தது. அதனை எமக்கு எடுத்துக்காட்டுவார் அன்று இலர்.

இனி எமது துறைக்கு வருவோம். இம்மயக்கத்துக்குச் சொல் எவ்வாறு காரணமாகின்றது என்பதற்கு மூன்று சொற்களைக் காட்டுவோம்.

முதலாவது, உறைதல். நெய் உறைகின்றது, பாலும் தயிராய் உறைகின்றது, காயத்திலே குருதியும் உறைகின்றது. மலைநாட்டுக் குளிரிலே தேங்காயெண்ணெயும் உறைகின்றது. நெய்யையும் எண்ணெயையும் சிறிது வெதுப்பினால் முன்போல் ஆகும். அங்கு பொருள் மாறவில்லை. பாலிலோ நுண்ணுயிர்கள் பாற்சீனியை இலற்றிக்கமிலமாக மாற்ற, அவ்வமிலத்தாற் பாலின் புரதம் திரள்கின்றது. தயிரை எவ்வளவு சூடாக்கினும் பால் ஆகாது. எமது மொழியோ இவையனைத்துக்கும் ஒரே வினைச்சொல்லை வழங்குகின்றது. 'உறைதல் பௌதிக மாற்றம்' என்று ஆசிரியர் சொல்லிவிட்டு அப்பாற் சென்றால், வீட்டிலே தாய் பாலுக்கு உறையிடுவதைக் கண்ட பிள்ளை தயிரையும் அதே நிரலில் எழுதுவான். அவன் சொல்லுக்கு விசுவாசமாகவே நடந்திருக்கிறான்.

இரண்டாவது, கரைதல். சீனி தேநீரிற் கரைந்தது என்கின்றோம். சுண்ணக்கல் புளியிற் கரைந்தது என்றும் சொல்கின்றோம். முன்னதிலே தேநீர் முழுவதும் இனிக்கின்றது. சீனி மறைந்திருக்கின்றதேயன்றி ஒழிந்துபோகவில்லை. பின்னதிலே கல் இல்லை; அமிலத்தோடு சேர்ந்து அது வேறு பொருளாயிற்று. அதனால் எழுந்த வாயு குமிழியாய் வெளியேறிற்று.

மூன்றாவது, கலத்தல். இச்சொல்லின் மயக்கம் பரீட்சைப் புள்ளியோடு நின்றுவிடுவதன்று; உயிருக்கே உலை வைப்பது. கிணற்றைத் தூய்மை செய்யும் வெளிற்றும் தூளையும், மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் ஒரே வாளியிற் கலந்தால் அழுக்கு இருமடங்கு விரைவாக நீங்கும் என்று எண்ணுவார் உளர். அரிசியும் பயறும் கலப்பது போல அதுவும் ஒரு கலப்பு என்பது அவர் எண்ணம். உண்மையில் அவ்விரண்டும் கூடியவுடன் குளோரீன் என்னும் நச்சுவாயு எழுகின்றது. 1915ஆம் ஆண்டிலே பெல்சிய நாட்டின் ஈப்பர்ப் போர்க்களத்திற் போர்வீரரை மூச்சடைக்கச் செய்த வாயுவும் அதுவே. காற்றோட்டமற்ற சிறு குளியலறையில் ஒரு தாயோ ஒரு தொழிலாளியோ இதனைச் செய்துவிட்டால் விளைவது யாது? பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்னும் பாகுபாட்டைச் செம்மையாகக் கற்ற பிள்ளை, அவ்வாளியின் அருகே நிற்கும் தாயை நோக்கி, "வேண்டாம் அம்மா" என்று தடுப்பான். நிரல்களை மாத்திரம் மனனஞ் செய்த பிள்ளை பேசாது நிற்பான்.

தமிழில் அறிவியல் சொல்ல இயலாது என்பது எம் வாதமன்று. மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியர், சமயத்தால் எம்மின் வேறுபட்டவராயினும் தமிழன்பால் எமக்கு நெருங்கியவர். அவருடைய முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளிவந்தது. அன்றியும் எம் மக்கள் வழக்கிலே உருகுதல், வற்றுதல், ஆவியாதல் என ஒருபாற் சொற்களும், புளித்தல், கருகுதல், நீறுதல், துருப்பிடித்தல் என மற்றொருபாற் சொற்களும் முன்னமே வகுத்துவைத்தாற்போல் உள்ளன. இடர் செய்பவை இருபாலுக்கும் பொதுவான சில சொற்களே. அவற்றை வகுப்பிலே வெளிப்படையாக எடுத்துவைத்து, 'இச்சொல் இங்கே இப்பொருளிலும் அங்கே அப்பொருளிலும் வந்தது' என்று விளக்குவது தமிழாசிரியரின் பணியன்றோ?

இலக்கண வகுப்பிலே இதற்கு ஓர் உவமையும் கிடைக்கின்றது. நன்னூலார் புணர்ச்சியை இயல்பு என்றும் விகாரம் என்றும் பகுத்தார். பொன் என்பதும் மலை என்பதும் சேர்ந்து பொன்மலை ஆகும்போது எழுத்தில் மாற்றம் இல்லை, அஃது இயல்பு. பொன் என்பதும் குடம் என்பதும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாய்த் திரிந்தது, அது விகாரம். சேர்ந்தன என்பதைக் கொண்டு மாத்திரம் இயல்பா விகாரமா என்று கூறிவிட முடியாது. சேர்ந்தபின் யாது நிகழ்ந்தது என்று நோக்கியே கூறவேண்டும். பொருள்கள் சேரும்போதும் அவ்வாறே. இவ்வுவமை ஓரளவே செல்லும் என்பதையும் மாணவருக்குச் சொல்லிவிடுதல் நன்று. பொற்குடத்திலே திரிந்தது ஓர் எழுத்து. சொற்களின் பொருள் திரியவில்லை. இரசாயன மாற்றத்திலோ பொருளே திரிந்துவிடுகின்றது. உவமையின் எல்லையை அறிவதும் கல்வியே.

'எல்லாவற்றையும் இவ்வாறு கேள்விக்குரியனவாக்கினால் இளம் மாணவர் குழம்புவர். முதலில் நிரலை மனனஞ் செய்யட்டும், விளக்கம் பின்னர் வரும்' என்பர் சிலர். அவர் கூற்றில் ஒரு நியாயம் உண்டு. பாகுபாட்டின் எல்லையிலே ஐயத்துக்கிடமான நிகழ்ச்சிகளும் உள்ளன. உப்பு நீரிற் கரையும்போது அதன் துகள்களிடையே உள்ள பிணைப்புக்கள் நெகிழ்ந்து அயன்கள் நீரினூடே பிரிந்து செல்கின்றன. ஆதலின் அதனை வெறும் பௌதிக மாற்றம் என்னலாமா என்று கற்றறிந்தோரே வினவுவதுண்டு. நீரை வற்றவைத்தால் அதே உப்பு மீளக் கிடைத்தலின், பாடசாலையில் அதனைப் பௌதிக மாற்றத்துள் அடக்குகின்றோம். இவ்வையங்களை எல்லாம் சிறு பிள்ளைகளின் தலையில் ஏற்றவேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால் பிள்ளை தானாகவே ஐயுற்று எழும்போது அவனை இருத்திவிடலாகாது என்கின்றோம். பின்னர் வரும் என்ற விளக்கம் பெரும்பாலும் வருவதே இல்லை. பரீட்சை முடிகின்றது, கொப்பி மூடப்படுகின்றது, மாணவன் வேறு துறைக்குப் போய்விடுகின்றான். அவனிடம் எஞ்சுவது கோட்டின் இருமருங்கிலும் எழுதிய சில பெயர்கள் மட்டுமே.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, வினாத்தாள் அமைப்போருக்கு. 'இது பௌதிகமா இரசாயனமா?' என்று மட்டும் கேளாது, 'எவ்வாறு அறிந்தாய்?' என்றும் கேளுங்கள். புள்ளியிற் பெரும்பகுதியை அதற்கே வழங்குங்கள். கேத்தில் வெண்படையைத் தவறான பக்கத்தில் எழுதிய அம்மாணவன், தன் காரணத்தையும் எழுத இடம் பெற்றிருப்பின், அவன் எங்கே இடறினான் என்பது அன்றே புலப்பட்டிருக்கும். இரண்டாவது, எம் சக ஆசிரியர்க்கு. தவணைக்கு ஒருமுறையாயினும் தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து, அத்தவணைப் பாடத்திலே மயக்கந் தரும் சொற்களைத் தேடி எடுப்போமாக. மூன்றாவது, இம்மலரைக் கையிலேந்தியிருக்கும் பழைய மாணவ அன்பர்களுக்கு. விழாவை முன்னிட்டு வளைவும் வாயிலும் மண்டபமும் அமைக்க நீங்கள் வழங்கும் கொடை பெரிது. கல்லூரி அதற்கு நன்றியுடையது. அதிலே ஒரு சிறு பங்கு இடைநிலை வகுப்புக்களுக்குச் சேர்வதாக. வகுப்புக்கு ஒரு தராசு, ஒரு மதுசார விளக்கு, ஒரு தட்டுச் சோதனைக் குழாய்கள் போதும். ஆய்வுகூடம் மேல்வகுப்பாருக்கு மாத்திரம் திறப்பதாயின், வினா எழும் வயதிற் கதவு அடைபட்டிருக்கின்றது என்பதே பொருள்.

அம்மாணவனைப் பற்றி ஒரு சொல். குவளையில் வெண்படை நுரைத்தெழுந்தபோது அவன் சிறிதுநேரம் மௌனமாயிருந்தான். பின்னர்த் தன் கொப்பியை எடுத்து, பிழை அடையாளத்தை அழிக்காமலே, அதன் அருகே 'குமிழி வந்தது, உப்பில் வரவில்லை' என்று எழுதிக்கொண்டான். ஆசிரியர் இட்ட அடையாளத்தைவிட அவ்வரி அவனுக்கு நெடுங்காலம் பயன்படும் என்று நாம் நம்புகின்றோம். இத்தகைய வரிகள் எழுதப்பெறும் கொப்பிகள் இக்கல்லூரியிற் பல்குவனவாக. கல்லூரி அன்னை நீடு வாழ்க.